ஸ்கேன் நார்மல்னா நோய் இல்லையா? கலர் படத்துல நோயின் வகை தெரியுமா? (நீண்ட த்ரெட்)

1/
மனநோய் பற்றி நம்ம ஊரில் ரெண்டு பொய்கள் ஒண்ணா சுத்திட்டு இருக்கு.

ஒண்ணு: "எம்ஆர்ஐ எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். அப்போ அவனுக்கு ஒண்ணும் இல்ல, நடிக்கிறான். சைக்யாட்ரி மாத்திரை எல்லாம் வியாபாரம்."

ரெண்டு: "பிரெயின் மேப்பிங் எடுங்க. எந்த வகை மனநோய்னு துல்லியமா சொல்லிடுவோம்."

பார்க்க எதிரெதிர் மாதிரி இருக்கும். அடியில் இருக்கும் நம்பிக்கை ஒண்ணுதான்: படத்துல தெரிஞ்சாதான் நோய். அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் இந்த த்ரெட்.

2/
நான் எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவமனை டாக்டர். மனநல நிபுணர் கிடையாது. ஆனா இந்த நோயாளிகள் முதலில் மனநல நிபுணரிடம் போவதில்லை. மந்திரிச்சு, கயிறு கட்டி, பூசை போட்டு, எதுவும் கேட்காமல் போன பிறகு ராத்திரி கேஷுவாலிட்டிக்கு நாலு பேர் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. அங்கே உட்கார்ந்திருப்பது என்னை மாதிரி ஆட்கள்தான். கூட வரும் அம்மா கையில் பெரிய கவர் இருக்கும். கவர் நிறைய ஸ்கேன் ஃபிலிம். உள்ளே ஒரு மாத்திரைச் சீட்டு கூட இருக்காது.

அந்த கவரைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுறேன்.

3/
முதலில் வார்த்தையைத் தெளிவாக்கிக்குவோம். சைக்கோசிஸ் என்றால் சினிமாவில் வரும் "சைக்கோ" கொலைகாரன் கிடையாது.

யாருமே பேசாதபோது காதில் குரல் கேட்பது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார், டிவியில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது. பேச்சு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறுவது. நிஜத்தோடு இருக்கும் பிடி தளர்ந்து போகும் இந்த நிலைக்குத்தான் சைக்கோசிஸ் என்று பெயர்.

இது ஒரு நிலை. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல்னு சொன்னா உடனே "என்ன காய்ச்சல்?"னு கேட்போம் இல்லையா? இங்கேயும் அதே கேள்வி வரணும்.

4/
அந்தக் கேள்விக்கு மருத்துவம் நூறு வருஷத்துக்கு மேலா பதில் தேடுது.

1899-ல் ஜெர்மனியைச் சேர்ந்த எமில் கிரேப்லின் ஒரு பெரிய கோடு போட்டார். வந்து வந்து போய், நடுவில் ஆள் சரியாகிவிடும் நோய் ஒரு பக்கம். இன்று பைபோலார் என்று சொல்வது பெரும்பாலும் அதுதான். இளம் வயதில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஆளையே சிதைக்கும் நோய் இன்னொரு பக்கம். இன்றைய மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா.

ஸ்கேன் இல்லை, ஈஈஜி இல்லை. நோயாளிகளை வருஷக்கணக்கில் கவனித்து, நோய் எப்படிப் போகிறது என்று எழுதி வைத்து போட்ட கோடு அது.

5/
ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரைக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் யூஜின் ப்ளூலர். 1911-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே இதை "நோய்களின் குழு" என்று பன்மையில்தான் சொன்னார். ஒரே நோய் இல்லை, பல நோய்கள் ஒரே முகமூடி போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது.

அந்தப் பன்மையை நாமதான் மறந்துட்டோம். "அவனுக்கு மெண்டல்" என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட்டோம்.

6/
அப்புறம் வகை பிரித்தார்கள். சந்தேகம் அதிகமா இருந்தா பாரனாய்டு. கல் மாதிரி அசையாமல் நின்றால் கேட்டடோனிக். பேச்சும் நடத்தையும் சிதறினால் டிஸ்ஆர்கனைஸ்டு. நாங்க படிச்ச பாடப்புத்தகத்தில் இருந்த வகைகள் இவை.

2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இந்த உள்வகைகளைத் தூக்கிப் போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11-ம் கைவிட்டது.

காரணம் எளிது. இந்த வருஷம் பாரனாய்டு என்று எழுதப்பட்டவர் ரெண்டு வருஷம் கழித்து வேறு வகையில் இருப்பார். வகையைத் தெரிந்துகொண்டதால் எந்த மாத்திரை கேட்கும் என்றும் சொல்ல முடியவில்லை. பயன்படாத வகை எதற்கு?

7/
இங்கேதான் முதல் கோஷ்டி துள்ளிக் குதிக்கும். "பாத்தீங்களா! அவங்களே பேரை மாத்துறாங்க, வகையை அழிக்கிறாங்க. எல்லாம் கப்சா!"

பொறுமை. தப்பு என்று தெரிந்ததும் தூக்கிப் போடுவது விஞ்ஞானத்தின் வேலை. நூறு வருஷமா ஒரே கயிறு, ஒரே தாயத்து, ஒரே விளக்கம் வைத்திருப்பவர்களிடம் இதே கேள்வியை நீங்க கேட்டதுண்டா?

8/
இன்னொரு பழைய கதை சொல்றேன். 1960-களில் நியூயார்க்கில் ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதப்பட்டவர்கள் லண்டனைவிட மிக அதிகம். அமெரிக்காவில் மட்டும் நோய் பெருகிவிட்டதா?

ரெண்டு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, ஒரே மாதிரி கேள்விகள் கேட்டு நோயாளிகளைப் பார்த்தார்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போச்சு. நோயாளிகள் ஒரே மாதிரிதான், டாக்டர்கள் எழுதிய பெயர்தான் வேற. 1972-ல் இது வெளியானது. டாக்டர் தன் மனம் போல பெயர் வைக்கக்கூடாது, எல்லாரும் ஒரே அளவுகோலை வைக்கணும் என்று 1980-ல் டிஎஸ்எம்-3 வந்ததற்கு இப்படிப்பட்ட அடிகள்தான் காரணம்.

9/
அளவுகோல் ஒன்றானதும் டாக்டர்கள் ஒத்துப்போக ஆரம்பித்தார்கள். நல்லது. ஆனால் எல்லாரும் ஒரே பெயர் சொல்வதும், அந்தப் பெயருக்குப் பின்னால் மூளையில் ஒரே கோளாறு இருப்பதும் வேற வேற விஷயம்.

பத்து டாக்டர்கள் சேர்ந்து "இது காய்ச்சல்" என்று ஒத்துக்கொள்ளலாம். அதனால டெங்குவும் டைபாய்டும் ஒன்றாகிவிடாது.

10/
அதனால சில ஆராய்ச்சியாளர்கள் தலைகீழா யோசித்தார்கள். பெயரை ஓரமா வைப்போம். மூளை வேலை செய்யும் விதத்தை முதலில் அளப்போம். அளவுகளே ஆட்களைக் குழுவாகப் பிரிக்கட்டும். அப்புறம் பழைய பெயரோடு ஒத்துப் பார்ப்போம்.

இதில் முக்கியமானது அமெரிக்காவின் பி-ஸ்னிப் கூட்டமைப்பு. கேரல் டாமிங்கா, பிரெட் கிளமென்ட்ஸ், மச்சேரி கேசவன் போன்றவர்கள் சேர்ந்து நடத்தியது. 2016-ல் வந்த அவர்களின் கட்டுரையில் 711 நோயாளிகள், அவர்களின் நெருங்கிய ரத்த உறவுகள் 883 பேர், நோய் இல்லாதவர்கள் 278 பேர்.

11/
என்ன அளந்தார்கள்?

கண்: திரையில் இடது பக்கம் புள்ளி தோன்றினால் நீங்க வலது பக்கம் பார்க்கணும். கேட்க எளிது. கண் தானா புள்ளி பக்கம் ஓடும், மூளை அதை அடக்கணும்.

கை: பட்டனை வேகமா அழுத்தணும். நடுவில் "நிறுத்து" சைகை வந்தால் கையை அடக்கணும்.

காது: ஒலிகளைக் கேட்க வைத்து, மூளை எவ்வளவு பலமா பதில் தருகிறது என்று ஈஈஜியில் பார்ப்பது.

அதோடு ஞாபகசக்தி, வேகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றுக்கான சாதாரண பேப்பர் பேனா சோதனைகள்.

12/
இதில் கண் சோதனை நேத்து வந்த புதுமை கிடையாது. மனச்சிதைவு நோயாளிகளின் கண், ஊசலாடும் பொருளைச் சீராகத் தொடர முடியாமல் தடுமாறுகிறது என்று 1908-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் கண்டுக்கல. 1973-ல் பிலிப் ஹோல்ஸ்மன் குழு மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

நோயாளி வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல், அவரால் நடிக்க முடியாத ஒன்றை அளக்கலாம் என்பதுதான் இதன் அருமை.

13/
முடிவு? மூணு குழு வந்தது. பயோடைப் 1, 2, 3 என்று பெயர்.

முதல் குழு: யோசிக்கும் திறன் ரொம்பக் குறைவு. ஒலிக்கு மூளையின் பதிலும் மங்கல்.

ரெண்டாம் குழு: அடக்கும் திறன் குறைவு. ஆனால் மூளை மங்கலா இல்லை, அளவுக்கு மீறி இரைச்சலா இருக்கு. சத்தத்தைக் குறைக்கத் தெரியாத ரேடியோ மாதிரி.

மூணாம் குழு: இந்தச் சோதனைகளில் கிட்டத்தட்ட நம்மை மாதிரியே. ஆனா அவங்களுக்கும் குரல் கேட்குது, அவங்களுக்கும் சந்தேகம் இருக்கு.

14/
இப்போ முக்கியமான இடம். இந்த மூணு குழுவையும் பழைய பெயர்களோடு ஒத்துப் பார்த்தார்கள். ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார், ரெண்டும் கலந்த ஸ்கிசோஅஃபெக்டிவ். மூணு பெயரும் மூணு குழுவிலும் இருந்தன. முதல் குழுவில் ஸ்கிசோஃப்ரீனியா கொஞ்சம் அதிகம், மூணாம் குழுவில் பைபோலார் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்.

அதாவது, ஒரே பெயர் எழுதப்பட்ட ரெண்டு பேரின் மூளை முற்றிலும் வேற விதமா வேலை செய்யலாம். வேற வேற பெயர் எழுதப்பட்ட ரெண்டு பேரின் மூளை ஒரே மாதிரி தடுமாறலாம்.

15/
கணக்கு போட்டா எதையும் மூணா பிரிக்கலாமே என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி.

அதனால பிரிக்கப் பயன்படுத்தாத ஒன்றை வைத்துச் சரிபார்த்தார்கள். எம்ஆர்ஐயில் மூளையின் சாம்பல் பகுதி. முதல் குழுவில் பரவலான குறைவு, ரெண்டாம் குழுவில் நடுத்தரம், மூணாம் குழுவில் கொஞ்சம்தான். பெயர்களை வைத்துப் பார்த்ததைவிட இந்தக் குழுக்களை வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெளிவா இருந்தது. நோயாளிகளின் ரத்த உறவுகளிடமும் அதே சாயல் லேசாகத் தெரிந்தது. பிறகு புது ஆட்களை வைத்தும் அந்தக் குழுக்கள் மறுபடி வந்தன.

16/
முதல் கோஷ்டிக்கு என் பதில் இதுதான்.

"ஒரு டெஸ்டிலும் தெரியாத கற்பனை நோய்" என்றீர்கள். கண் அசைவில் தெரிகிறது, மூளை அலையில் தெரிகிறது, நோயே இல்லாத அண்ணன் தங்கையிடமும் சாயல் தெரிகிறது. வார்டில் நீங்கள் "நடிப்பு" என்று சொன்ன பையன், அந்தச் சோதனைகளில் அறையின் இருட்டில் தனியா உட்கார்ந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் நடிக்கணும். முடியுமா?

பெயர்களில் குழப்பம் இருக்கு, ஒத்துக்கறேன். நோயில் குழப்பம் இல்லை.

17/
"மருந்து கம்பெனி காசு கொடுத்து செய்த ஆராய்ச்சி" என்பது அடுத்த கமெண்ட். பி-ஸ்னிப்புக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம்.

அப்புறம், ஜிஎச்சில் நாங்க இலவசமா கொடுக்கும் மாத்திரைகளைப் பாருங்க. குளோர்ப்ரோமசின் 1950-களில் வந்தது. ஹாலோபெரிடால் அதே பத்தாண்டு. ரிஸ்பெரிடோன் காப்புரிமை முடிந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. இந்த மாத்திரைகளை வைத்துக் கோடீஸ்வரன் ஆகணும்னா, நம்ம மருந்துக் கிடங்கில் இருக்கும் எலிதான் ஆகணும்.

18/
இனி ரெண்டாவது கோஷ்டி. "அப்போ சார், மூளையை அளந்தால் வகை தெரியும்னு நீங்களே சொல்லிட்டீங்க. நாங்களும் அதைத்தானே பண்றோம்?"

இல்லை.

அந்த ஆராய்ச்சியில் ஒரு ஆளுக்கு மணிக்கணக்கில் சோதனை. பல விதமான சோதனை. நோயில்லாத நூற்றுக்கணக்கான ஆட்களோடு ஒப்பீடு. அத்தனையும் செய்தவர்களே இன்று வரை "இதை வைத்து ஓபியில் நோயறியுங்கள்" என்று சொல்லவில்லை. குழுவுக்கு ஏற்ப மருந்தை மாற்றினால் பலன் கூடுமா என்பது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய கேள்வியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்தவர்களுக்கு இல்லாத தைரியம் நம்ம ஊர் சென்டருக்கு எங்கிருந்து வந்தது?

19/
சராசரிக்கும் தனி ஆளுக்கும் உள்ள வித்தியாசம் புரிஞ்சா இந்த வியாபாரம் படுத்துடும். ஒரு கணக்கு சொல்றேன்.

மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற ஞாபகப் பகுதி சராசரியா சிறுசா இருக்கும். எனிக்மா என்ற பன்னாட்டு கூட்டமைப்பு ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2016-ல் உறுதி செய்த விஷயம். ஆழ்பகுதிகளில் மிகப்பெரிய வித்தியாசமே அதுதான்.

அந்த வித்தியாசம் எவ்வளவு? கண்ணை மூடி ஒரு நோயாளி, ஒரு நலமானவர் என்று ஒவ்வொருவரை எடுத்தால், நோயாளியின் ஹிப்போகேம்பஸ் சிறுசா இருப்பது நூறு முறைக்கு சுமார் 63 முறை. காசு சுண்டினாலே 50 வரும்.

20/
மறுபடி படிங்க. ஆயிரக்கணக்கான பேரை வைத்து, சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கப்பட்ட வித்தியாசம். அதை வைத்துக்கூட உங்க பையனைக் காட்டி "இவனுக்கு இருக்கு, இல்லை" என்று சொல்ல முடியாது.

இதனால்தான் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வருது. நோய் இல்லை என்பதால் வருவது கிடையாது. அந்தக் கருவி தனி ஆளிடம் பார்க்கக்கூடிய அளவுக்கு அந்த மாற்றம் பெரிசா இல்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட் பொய் சொல்லல. அதை வாசிச்ச நாமதான் தப்பா வாசிச்சோம்.

21/
அந்த சிவப்பு, பச்சை, நீல கலர் படம்? பெரும்பாலும் அது ஈஈஜி அலைகளை கம்ப்யூட்டர் கலராக்கியது.

ஈஈஜி அருமையான கருவி. வலிப்பு நோய்க்கு அது இல்லாமல் முடியாது. ஆனா கண் சிமிட்டினால் அலை மாறும். பல்லைக் கடித்தால் மாறும். தூக்கம் வந்தால் மாறும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையால் மாறும். முதல் நாள் ராத்திரி தூங்காத, பயந்து போன பையனின் தலையில் வயர் மாட்டி எடுத்த படத்தில் ஒரு மூலை சிவப்பா இருந்தால், அதுக்குப் பேர் நோய் வகையா?

அந்தப் படத்தைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பேக்கேஜ் சிகிச்சை விற்கிறாங்க பாருங்க, அதுதான் குற்றம். மாத்திரை நின்ற சில வாரத்தில் குரல்கள் திரும்ப வரும். அப்போ அந்த சென்டர் போனை எடுக்காது. எங்க கேஷுவாலிட்டி திறந்திருக்கும்.

22/
"அப்போ ஸ்கேனே வேண்டாமா டாக்டர்?" வேணும். சரியான இடத்தில் கட்டாயம் வேணும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை, ஒரு புதிய கதை.

பழையது: நூறு வருஷத்துக்கு முன் மனநலக் காப்பகங்களில் பெரிய ஒரு கூட்டம், தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டு, பிறகு கைகால் விழுந்து செத்துப்போகும். 1913-ல் நொகுச்சியும் மூரும் அவர்களின் மூளையில் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெனிசிலின் வந்ததும் அந்தக் கூட்டமே காப்பகங்களில் இருந்து கரைந்து போச்சு.

"பைத்தியம்" என்ற மூட்டையில் இருந்து ஒரு உள்வகையை முழுசா உருவி எடுத்து குணப்படுத்தியது அது.

23/
புதியது: 2009, நியூயார்க். சுசன்னா கஹலன், 24 வயது பத்திரிகையாளர். திடீரென்று சந்தேகம், பிரமை, வலிப்பு. எம்ஆர்ஐ நார்மல். குடியால் வந்தது, மனநோய் என்றெல்லாம் சொல்லப்பட்டது.

டாக்டர் சூஹல் நஜ்ஜார் ஒரு பேப்பரைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் அவர் வட்டத்தின் வலது பாதியிலேயே எழுதினார். மூளையின் வலது பக்கம் வீங்கியிருக்கு என்று அந்த பேப்பர் காட்டிக் கொடுத்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோய். 2007-ல்தான் டல்மாவ் என்பவர் அந்த நோயை விவரித்திருந்தார். சிகிச்சைக்குப் பின் சுசன்னா வேலைக்குத் திரும்பி, தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

எம்ஆர்ஐ சொல்லாததை ஒரு பேனாவும் பேப்பரும் சொன்னது.

24/
அதனால முதல்முறை சைக்கோசிஸ் வந்தவரிடம் இவை இருந்தால் ஸ்கேன், ஈஈஜி, தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர் பரிசோதனை என்று உடனே தேடணும்:

- காய்ச்சல், கடும் தலைவலி
- வலிப்பு
- சில நாட்களில் திடீரென ஆரம்பித்தது
- இடம், நாள், ஆள் தெரியாத குழப்பம்
- வாய், கை, கால் தானாகக் கோணுவது
- தலையில் அடி
- நடுத்தர வயதுக்கு மேல் முதல்முறையாக வருவது

கூடவே தைராய்டு, சர்க்கரை, உப்புகள், பி12, எச்ஐவி, விடிஆர்எல் ரத்தப் பரிசோதனைகள். கஞ்சா, குடி, ஸ்டீராய்டு மாத்திரை பற்றிய கேள்விகள். இளம் வயதில் கை நடுக்கமும் மஞ்சள் காமாலையும் சேர்ந்திருந்தால் தாமிரம் சேரும் வில்சன் நோய். இதெல்லாம் தேட டாக்டரிடம் கேளுங்க. அது உங்க உரிமை.

25/
இதெல்லாம் இல்லைன்னு ஆன பிறகு, ஸ்கிசோஃப்ரீனியாவா பைபோலாரா என்று பிரிக்க இன்றைக்கும் நல்ல கருவி எது தெரியுமா? காலம். நடத்தை. அதைக் கவனித்த வீட்டு ஆள்.

தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், கண்டபடி செலவு செய்து, "நான்தான் அடுத்த சிஎம்" என்று ஊரெல்லாம் பேசி, பிறகு பழையபடி சரியாகி, சில மாதம் கழித்து சோர்ந்து படுத்தாரா? ஒரு கதை.

ரெண்டு வருஷமா மெல்ல மெல்ல மார்க் குறைந்து, நண்பர்களை விட்டு, குளிப்பதை விட்டு, தனியா சிரித்து, பிறகு குரல் கேட்கிறது என்றாரா? வேற கதை.

26/
இந்தக் கதை ஏன் முக்கியம்? முதலாவதுக்கு லித்தியம் என்ற உப்பு அற்புதமா வேலை செய்யும். 1949-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் கண்டுபிடித்தது. அதே ஆளுக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி உச்சத்துக்குத் தூக்கி விடலாம்.

பெயரில் குழப்பம் இருந்தாலும் பெயர் வேண்டியிருப்பது இதுக்குத்தான். கோணலா இருக்கும் அளவுகோலை நேராக்கணும், தூக்கிப் போட்டுவிட்டு கண்ணால் அளக்கக்கூடாது.

அதனால ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. என்றைக்கு ஆரம்பிச்சது, எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன பேசினார், எந்த மாத்திரை எப்போ நின்றது. தேதி போட்டு எழுதுங்க. அந்தக் கலர் படத்தைவிட அந்த நோட்டு எங்களுக்குப் பெரிசு.

27/
இன்னொரு உள்வகை இன்றைக்கே நம்ம கையில் இருக்கு. மருந்துக்குக் கேட்காத வகை.

ரெண்டு வேற வேற மாத்திரைகளை சரியான அளவில், சரியான காலம் கொடுத்தும் குறையாதவர்கள். ஏறக்குறைய மூணில் ஒருவர். இவர்களின் மூளையில் டோபமைன் உற்பத்தி, மருந்துக்குக் கேட்பவர்களைப் போல அதிகமா இல்லை என்று 2012-ல் ஒரு சிறு ஆய்வு பெட் ஸ்கேனில் காட்டியது. டோபமைனை அடக்கும் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவதால் இவர்களுக்குப் பலன் குறைவு என்பது இதோடு பொருந்துது.

இவர்களுக்கு குளோசபின் என்று ஒரு மருந்து இருக்கு. 1988-ல் ஜான் கேன் குழு இப்படிப்பட்ட நோயாளிகளிடம் பார்த்தது: குளோசபினில் 30 சதவீதம் பேர் தேறினார்கள். பழைய குளோர்ப்ரோமசினில் 4 சதவீதம்.

28/
அப்புறம் ஏன் பலருக்கு அது போய்ச் சேர்வதில்லை? வெள்ளை அணுக்கள் ஆபத்தா குறையும் பக்கவிளைவு சிலருக்கு வரும். 1975-ல் ஃபின்லாந்தில் உயிர்கள் போயிருக்கு. அதனால முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை வேணும்.

வாரா வாரம் ரத்தம் எடுக்க, கூலி வேலையை விட்டு, பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்கு யார் வருவார்? பி.எச்.சி.யிலேயே எடுக்க முடிகிற சாதாரண ரத்த எண்ணிக்கைதான் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, முடிவை மனநல மருத்துவருக்கு போனில் அனுப்பி, மாத்திரையை ஊரிலேயே கொடுக்க ஏற்பாடு பண்ணுங்க. ஸ்கேன் மிஷின் வாங்குவதைவிட இதில் அதிகம் பேர் வீடு திரும்புவாங்க. இது அரசுக்கு, என் துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை.

29/
இந்தப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டால், நமக்கு ஏர்வாடி இருக்கு. 2001 ஆகஸ்ட் 6. தீ பிடித்தபோது ஓட முடியாமல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு தைராய்டு, எத்தனை பேருக்கு பைபோலார், எத்தனை பேருக்கு குளோசபின் போதுமானதா இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் "என்ன காய்ச்சல்?" என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வகை, ஒரே சங்கிலி.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி சைக்கோசிஸ் உள்ளவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையில் இல்லை. அவங்க எங்கே இருக்காங்கன்னு யோசிங்க.

30/
"இது வந்தா அவ்வளவுதான், வாழ்க்கை போச்சு" என்பதும் பொய். சென்னையில் 1980-களில் முதல்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை டாக்டர் தாரா குழு 25 வருஷம் வரை தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பலர் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். நோய் வந்த எல்லாரும் ஒரே பாதையில் போகவில்லை. ப்ளூலர் சொன்ன அந்தப் பன்மை நம்ம சென்னையிலும் உண்மைதான்.

31/
எதிர்காலத்தில் ஒரு நாள், கண் சோதனையும் ஈஈஜியும் சேர்த்து "இவருக்கு இந்த வகை, இந்த மருந்து" என்று ஓபியிலேயே சொல்லும் காலம் வரலாம். வரணும்னுதான் நானும் ஆசைப்படுறேன். அதுக்கு உழைப்பவர்களை மதிக்கிறேன். அந்த நாள் வந்துடுச்சுன்னு சொல்லி இன்றைக்கே பில் போடுபவர்களை மதிக்க மாட்டேன்.

32/
சுருக்கமா:

- ஸ்கேன் நார்மல் என்றால் நடிப்பு என்று அர்த்தம் இல்லை.
- கலர் படம் மட்டும் வைத்து வகை சொன்னால் நம்பாதீங்க. நகை அடகு வைக்காதீங்க.
- முதல்முறை வரும்போது உடல் காரணங்களைத் தேடச் சொல்லுங்க.
- தேதி போட்டு நோட்டு எழுதுங்க.
- ரெண்டு மருந்து கேட்கலைன்னா "குளோசபின் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று மனநல மருத்துவரிடம் கேளுங்க.
- அவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கு. ஓபி சீட்டு போட்டு வாங்க. பேசணும்னா டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கமெண்டில் திட்டுபவர்கள் திட்டலாம். வீட்டில் அந்த ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா கண்ணில் இது பட்டால் போதும். பகிருங்கள்.